நாற்காலிக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம்

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கஜா பெராங்கில் கூலிகள் குடியிருக்கும் எங்கள் கோட்டர்ஸ் அறைக்கு, துரையிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்பா சாக்கடை வெட்டும் கூலி. எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான், அதனால் கடிதம் என் கைக்கு வந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அப்பாவின் மேல் புகார் எழுதிக் கொடுத்திருந்தாராம். ஒரு வாரத்துக்குள் தக்க பதில் தராவிட்டால் வேலையும் போகும், அறையும் போகும்.

"என்னடா எழுதியிருக்கான்?"

"நீங்க அவரை அன்நெர்வ் பண்றீங்களாம்."

"அப்படின்னா? அடிச்சேனாமா?"

"இல்ல."

"வைஞ்சேனா?"

"அதுவும் இல்லப்பா."

பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதியைப் புரட்டினேன். ஒருவனின் தைரியத்தைக் குலைப்பது, உள்ளுக்குள் கலங்க வைப்பது என்று இருந்தது. உதாரணங்களும் இருந்தன: ஆளில்லாத வீடு, கண்கொட்டாத பார்வை, பதில் வராத மௌனம். அதாவது, செய்கிறவன் எதையும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அடிபட்டவன் அடித்தான் என்று எழுதுவான். இந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தவன் எதையோ மறைக்கிறான்.

"பயந்தவன் அவன். கடுதாசி எனக்கா?" என்றார் அப்பா.

அப்பாவோடு வேலை செய்யும் எதிர் அறைக்காரரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆயுத பூசைக்கு மறுநாள் மண்டோரு நாற்காலிக்கு அடியில குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் கெடந்துச்சு தம்பி. செய்வினைன்னு பயந்து ஆளு மூணு நாளு சரியா சோறு திங்கல. வச்சது உங்கப்பாதான்னு பேச்சு."

இப்போது விளங்கியது. செய்வினை என்று எழுதினால் துரை சிரிப்பார். அதற்குத்தான் இந்த ஆங்கிலச் சொல்.

ஆனால் என் சந்தேகம் அப்பாவின் மேல் திரும்பிவிட்டது. பூசைக்கு முந்தின வாரம்தான் மண்டோர் அத்தனை பேர் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார். அப்பா பதிலுக்கு ஏசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினாராம்.

"நீங்க வச்சீங்களாப்பா?"

"வச்சேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. மண்வெட்டிக்கு வச்சேன், கூடைக்கு வச்சேன், தள்ளுவண்டிக்கு வச்சேன். நாற்காலிக்கும் வச்சேன். அவனுக்கு வேற என்னடா ஆயுதம் இருக்கு? நாள் பூரா அதுலதானே ஒக்காந்து வேலை பாக்குறான்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். கருவிகளுக்குப் பழம் வைப்பது எங்கள் வழக்கம், மண்டோரின் கருவி நாற்காலி, அவரை அன்நெர்வ் செய்யும் நோக்கம் என் தந்தைக்குத் துளியும் கிடையாது. துரை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்பாவுக்கு வேலை தப்பியது.

அதற்குப் பிறகு மண்டோர் தினமும் காலையில் குனிந்து, நாற்காலிக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாராம். அதை எங்களிடம் சொல்லும்போது அப்பாவின் மீசை ஓரம் லேசாக அசைந்தது.

துளியும் கிடையாது என்று நான் எழுதிக் கொடுத்த வரி நினைவுக்கு வந்தது. அது உண்மைதானா என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா கண்கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.