இத்ரூஸ் நானா மெட்ராஸ் போய் வந்தது

மாத்தளை ஸ்டேஷனுக்கு வெளியே ஹயர் கார் ஓட்டியவர்களில் இத்ரூஸுக்குத்தான் இங்கிலீஷ் சரளமாக வரும். இளவயதில் தோட்டத்துத் துரைமாரின் கார்களைத் துடைத்துக்கொண்டே காதால் பிடித்த இங்கிலீஷ் அது. சீகிரியாவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் அவருடைய பழைய ஆஸ்டினைத் தேடி ஏறுவார்கள்.

1970 தை மாதத்தில் ஏறியவர்கள் வாட்கின்ஸ் என்ற துரையும் அவர் மனைவியும். சீகிரியாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அடுத்து மெட்ராஸ் போகப்போவதாகத் துரை சொன்னார். அங்கேயும் தமிழ்தானே, நீயும் கூட வா, அந்த ஊர் உனக்குப் பழக்கமா என்று கேட்டார். பழக்கம்தான் என்று இத்ரூஸ் யோசிக்காமல் சொல்லிவிட்டார். அதுவரை அவர் இந்தியக் கப்பல் புறப்படும் தலைமன்னாரைக்கூடப் பார்த்ததில்லை.

மெட்ராஸைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம், சாரம் என்ற லுங்கித் துணி கொள்முதல் செய்யப் போய்வரும் ஜவாஹிர் ஹாஜியார் கடையில் உட்கார்ந்து கேட்டவை. அவற்றையே கப்பலிலும் ரயிலிலும் துரைக்கும் அவர் மனைவியான நோனாவுக்கும் எடுத்துச் சொன்னார். கொதிக்காத தண்ணீரைத் தொடாதீர்கள். கடைக்காரன் ஒரு விலை சொன்னால் பாதிக்குக் கேளுங்கள். ரோட்டில் மாடு படுத்திருக்கும், வண்டிதான் விலகிப் போகும். ஊரே உங்களை உற்றுப் பார்க்கும், அதற்குக் கோபப்படக் கூடாது. பிச்சைக்காரர்கள் விஷயத்துக்கு வந்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம் கூடியது. "ஒருத்தருக்குக் கொடுத்தால் ஐம்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளையைக் காட்டுவார்கள், அது வாடகைக்கு எடுத்த பிள்ளை. உங்களைத் தெரியும் என்றுகூடச் சொல்வார்கள். முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்."

நோனா பயந்துபோய் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். துரை அவர் தோளில் தட்டி, சீகிரியாவில் புது ஹோட்டல் கட்டும் தன் சிநேகிதரிடம் சொல்லி நிரந்தர வேலை வாங்கித் தருவதாக வாக்களித்தார்.

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது நல்ல வெயில். போர்ட்டர்கள் பெட்டிகளைப் பிடுங்க வந்தார்கள். இத்ரூஸ் கையை வீசி அவர்களை அதட்டினார். அந்தக் குரலைக் கேட்டதும், தூணோரம் கிடந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தாள்.

"நானா!" என்று கூப்பிட்டாள். "இத்ரூஸ் நானா!"

மெட்ராஸில் முஸ்லிம்களைப் பாய் என்பார்கள். அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட சிலோன்காரர்களுக்குத்தான் வாய் வரும். இத்ரூஸ் திரும்பிப் பார்த்தார். யட்டவத்த பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த சுந்தரம்மா. தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு அனுப்பப்பட்டவள். அரை உடம்பாக இருந்தாள். தலையில் முடி திட்டுத்திட்டாகக் கொட்டியிருந்தது. காலெல்லாம் புண்ணோடு ஒரு பெண்குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னைத் தெரியலயா நானா? ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒங்க கார்லதானே இவ பொறந்தா! நீங்கதானே ஒங்க சாரத்தைக் கிழிச்சு இவளைச் சுத்தித் தந்தீங்க!"

அது உண்மை. மழையில் வளைவோரம் காரை நிறுத்திவிட்டு அவர் அதைச் செய்திருந்தார். பிரசவத்துக்குப் பிறகு பல நாள் அவளுக்குப் பாண் ரொட்டியும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

"கப்பல்ல வந்து எறங்குன கேம்ப்ல காய்ச்சல் வந்து இவ அப்பா போய்ட்டாருங்க. தாய்நாடுன்னு சொல்லி அனுப்புனாங்க, இங்க ஒருத்தரும் எங்களைச் சேக்க மாட்டேங்குறாங்க. நான் செத்தாலும் பரவால்ல நானா. இவளையாவது ஊர்ல இருக்குற எங்க அண்ணங்கிட்ட கொண்டுபோய் விடுங்க."

சொல்லிக்கொண்டே அவர் காலைப் பிடித்தாள். நோனா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். துரை புருவத்தை உயர்த்தி, "இவள் உன் பெயரைச் சொல்கிறாளே, தெரிந்தவளா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

தெரிந்தவள் என்றால் இதைத் தன் ஏற்பாடு என்று துரை நினைப்பார். ரயிலில் சொன்னதெல்லாம் பொய்யாகும். ஹோட்டல் வேலை போகும். அதோடு, அந்தப் புண்களையும் அழுக்கையும் பார்த்து, இவர்கள் என் ஊர்க்காரர்கள் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது.

"தெரியாது, சார். நீங்கள் என்னைக் கூப்பிட்டதைக் கேட்டிருப்பாள். நான் சொன்னேன் இல்லையா, இந்த ஊரில் இப்படித்தான்."

காலை உதறினார். அவள் விடவில்லை. "பொய் சொல்லாதீங்க நானா, அல்லா கேப்பாரு," என்றாள். அந்த வார்த்தை அவரைச் சுட்டது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரனைக் கையசைத்துக் கூப்பிட்டு, வெள்ளைக்காரருக்குத் தொந்தரவு கொடுப்பதாகச் சொன்னார். போலீஸ்காரன் ஒன்றும் விசாரிக்கவில்லை. லத்தியால் அவள் மணிக்கட்டில் அடித்தான். பிடி விட்டதும் தோளில் அடித்தான். குழந்தை அழவில்லை. அடி விழும்போது எங்கே ஒதுங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்து டாக்ஸியில் ஏறியதும் நோனா இத்ரூஸின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர் மட்டும் அங்கே போனார். தூணடியில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பிச்சைக்காரர்களைப் போலீஸ் வேனில் அள்ளிக்கொண்டு போய்விட்டதாகப் போர்ட்டர் சொன்னான். எங்கே என்று இத்ரூஸ் கேட்கவில்லை. பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்.

ஊர் திரும்பியதும் ஹோட்டல் வேலை கிடைத்தது. ஒருநாள் சுந்தரம்மாவின் அண்ணன் சடையன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா என்று யோசனை.

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்தவரு. அங்க எப்படிங்க நானா? தங்கச்சிகிட்டேருந்து ஒரு சேதியும் இல்ல."

உள்ளே அவர் மனைவி ஜுனைதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் நடந்ததை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். முறத்தின் சத்தம் நின்றது.

"பெரிய ஊரு," என்றார் இத்ரூஸ். "ஜனம் ஜாஸ்தி. கையில தொழில் இருந்தா பொழைச்சுக்கலாம். பயப்படாம போ."

சடையனின் முகம் தெளிந்தது. அவன் போனதும் ஜுனைதா வெளியே வந்தாள். "அல்லாஹ்வுக்காக உண்மையைச் சொல்லுங்க. நாலு புள்ளைங்களை இழுத்துக்கிட்டுப் போறான்."

"சொன்னா, அவ இப்ப எங்கன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

சடையன் குடும்பத்தை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனதும் இத்ரூஸ்தான். கூலி வாங்கவில்லை. சடையனின் மனைவி அதற்காகக் கண்கலங்கி, பிள்ளைகளைக் கும்பிடச் சொன்னாள். ரயில் நகரும்போது சடையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"மெட்ராஸ்ல எறங்குனா தங்கச்சிய எங்கங்க நானா தேடுறது?"

"ஸ்டேஷன்ல கேளு," என்றார் இத்ரூஸ். "சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, பசியோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஜுனைதா பரிமாறவில்லை. தானே போட்டுக்கொண்டார்.