மாப்பிள்ளையின் சீருடை

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேக் பிரிக்கிற வேலை. மற்றவர்கள் கரியும் கிரீசுமாகத் திரிய, இவர் மட்டும் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்குள் காற்றுக் குழாயை வைத்து அடித்தால் பிரேக் தேய்ந்த தூள் புகையாகக் கிளம்பும். ஷிப்ட் முடிந்ததும் அதே குழாயால் ஒருவர்மேல் ஒருவர் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தத் தூளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது யார் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மற்றவர்கள் சீருடையைப் பணிமனைச் சலவைக்கே போட்டுவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார். அந்த அம்மாள் பின்வாசலில் நின்று நன்றாக உதறிவிட்டுத்தான் ஊறவைப்பார். காலரில் பொட்டு அழுக்கு இருந்தால் மாப்பிள்ளை வீட்டை இரண்டாக்கிவிடுவார். இல்லாவிட்டால் பேசாமல் மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

ஓய்வு பெற்றபின் இருமல் வந்தது, மனைவிக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கல்நாரால் வந்தது என்று சொல்லி, “எங்கம்மா வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். அந்த அம்மாள் பணிமனை வாசலைக்கூட மிதித்ததில்லை. என்ன அநியாயம் பாருங்கள்!

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும், மருந்து காலத்துக்கும் வேண்டும். நஷ்டஈடு வந்தால்தான் அதெல்லாம். தொழிலாளிக்குத்தான் உண்டு என்று அலுவலகத்தில் கையை விரித்தார்கள். மாப்பிள்ளை நடையாய் நடந்தார். கடைசியில் ஓர் அதிகாரி மனமிரங்கி, சீருடை வழியாக வந்ததென்றால் பணிமனையும் பொறுப்புதான், விசாரித்துவிடலாம் என்று இருவரையும் வரச்சொன்னார்.

“அங்கயே சலவை இருந்துச்சுல்ல? அப்புறம் ஏன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க?”

“அவங்க துவைக்கிறதெல்லாம் ஒரு துவைப்பா சார்? சும்மா தண்ணியில காட்டி எடுப்பாங்க. இவ கை பட்டாத்தான் துணி துணியா இருக்கும். இவளை மாதிரி துவைக்க ஆளே கிடையாது!”

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். “அப்போ உங்க இஷ்டத்துலதான் கொண்டு போயிருக்கீங்க. பணிமனையைக் குத்தம் சொல்ல முடியாதுங்க.”

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. அதற்குள் கோப்பை மூடிவிட்டார்கள்.

படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மனைவி மூச்சு வாங்க நின்றார்.

“நான் பாவி. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?” என்று தலையில் அடித்துக்கொண்டார் மாப்பிள்ளை.

“விடுங்க” என்று மனைவி இன்னொரு மூச்சை இழுத்தார். “இத்தனை வருஷத்துல, நான் நல்லா துவைக்கிறேன்னு இன்னைக்குத்தான் சொல்லியிருக்கீங்க.”