வாசலை மறித்த அண்ணாச்சி

“இந்தா, எடுத்துத் தாரேன்” என்று சொல்லிக்கொண்டே ராஜரத்தினம் அண்ணாச்சி ஸ்டூலில் ஏறிவிட்டார். கடைக்கு வந்த அம்மாள் கேட்ட மயில்கழுத்து நிறத்தில் ரவிக்கைத் துணி தீர்ந்துபோய்விட்டது என்று அவருக்கே தெரியும். ஆனால் வாய் திறந்து இல்லை என்று சொல்ல வராது. பனகல் பூங்காவுக்குப் பின்னால் இந்த மேட்சிங் கடையைத் திறந்த நாளிலிருந்து இப்படித்தான். பச்சைக்குப் பக்கத்துப் பச்சை, நீலத்துக்குப் பக்கத்து நீலம் என்று ஒரு குவியலையே விரித்துப் போட்டு, “வெயில்ல வச்சுப் பாருங்கம்மா, அதே கலருதான்” என்பார். முக்கால்வாசிப் பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்காதவர்களுக்கும் காப்பி உண்டு.

பக்கத்தில் வளையல் கடை வைத்திருக்கும் கபாலி கிண்டல் செய்வார். “இன்னா அண்ணாச்சி, திருடன் வந்து பீரோ சாவி கேட்டாக்கூட எடுத்துக் குடுத்துட்டு, காப்பி சாப்புடுறியான்னு கேப்ப போலக்கீதே!” அண்ணாச்சியும் விழுந்து விழுந்து சிரிப்பார். போன மழைக்காலம் வரைக்கும் சிரித்தார்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மீசை நரைத்த பிறகு, அவருக்கும் சந்திரிகாவுக்கும் ஒரு பெண் பிறந்தது. மாளவிகா. நாள் நிறையும் முன்பே பிறந்ததால் ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற பிள்ளை. ஊரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் நந்தனம் வீட்டுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தது. ரயில் இறங்கி வந்தவர்கள் பையைக் கீழே வைத்த கையோடு பிள்ளையை வாங்கினார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். சந்திரிகா, கொடுக்காதீங்க என்று கண்ணால் சாடை காட்டுவாள். அண்ணாச்சி பார்த்தும் பாராதவர்போல் “வாங்க, வாங்க” என்பார். இத்தனை வருஷம் “விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டுக் கேட்டுக் குடைந்தவர்களிடம் பிள்ளையை நீட்டுவதில் மனுஷனுக்கு அப்படியொரு பெருமை. யாருக்குத்தான் இருக்காது?

அக்கா புஷ்பம் நல்ல ஐப்பசி மழையில் வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். “ஒண்ணுமில்லடே, ரயில்ல ஏசி ஒத்துக்கிடல” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையாலேயே பிள்ளையை வாங்கி, கன்னத்திலும் உள்ளங்கையிலும் மாறி மாறி முத்தம் வைத்தாள்.

“ஏங்க...” என்றாள் சந்திரிகா, அடுக்களை வாசலில் நின்று.

“எங்கக்காடி” என்றார் அண்ணாச்சி. அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா ஊர் திரும்பிய சில நாளில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. காய்ச்சல் இல்லை. சளிதானே, சரியாகிவிடும் என்று அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால், பிள்ளை பாலுக்கு வாய் வைக்கிறது, மூச்சு வாங்க விட்டுவிடுகிறது, அழக்கூடத் தெம்பில்லை. சட்டையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. கதவைப் பூட்டக்கூட நிற்காமல் ஆட்டோவில் ஏறி அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

குழந்தை டாக்டர் ஜலஜா நிதானமாகத்தான் சொன்னார். “ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸ். நமக்கு வந்தா நாலு தும்மலோட போயிடும். இத்தனூண்டு குழந்தைக்கு மூச்சுக்குழாயே நூல் கனம்தான். அதுல சளி அடைச்சா என்ன பண்ணும், பாவம்? இதுக்குன்னு குடுக்கிற மருந்து பெரிசா ஒண்ணும் கிடையாது. ஆக்ஸிஜன் வச்சு, அவளா மீண்டு வர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும். வீட்டுல யாருக்காவது சளி இருந்துதா?”

“எங்கக்காவுக்கு” என்றார் அண்ணாச்சி. சந்திரிகா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியேதான் அதன்பிறகு அவர் வாசம். ஒருதரம் பிள்ளைக்கு மூச்சு அப்படியே நின்றுபோனது. நர்ஸ் ஓடி வந்து உள்ளங்காலைத் தட்டித் தட்டி எழுப்பினாள். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை பிழைத்தது. பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடும் என்று டாக்டரும் சொன்னார். குறைமாதப் பிள்ளை, நுரையீரல் இன்னும் தேறவேண்டும், இன்னொரு மழைக்காலம் தாண்டும்வரை ஜாக்கிரதை என்றும் சொன்னார். அண்ணாச்சி காதில் அந்த இரண்டாவது பேச்சு மட்டும்தான் ஏறியது. வருஷம் ஒன்றாகியும் இறங்கவில்லை. கடையில் யாராவது இருமினால் விரித்த துணியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துவிடுகிறார். வீட்டுக்குள் நுழைந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, குளித்து, அதற்குப் பிறகுதான் பிள்ளை. தூங்குகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். “தூங்கவிடுங்க, முழிச்சுக்கப் போறா” என்பாள் சந்திரிகா.

இந்த ஐப்பசியிலும் அக்கா வந்தாள், சொந்தக்காரர் வீட்டில் இறங்கிவிட்டு, கை நிறையப் பலகாரத்தோடு. மாடிப்படியில் ஏறும்போதே இருமல் சத்தம் கேட்டது. அண்ணாச்சி நிலைவாசலில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“என்னடே, வழிய விடு. புள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போயிருதேன்.”

“வேண்டாம்க்கா. இருமல் நிக்கட்டும், நானே வந்து கூட்டியாறேன்.”

“லேசாக் கமறுதுடே. உன்னத் தூக்கி வளத்தவளையா வாசல்ல நிறுத்துத?”

“ஆமாக்கா. கால்ல வேணாலும் விழுதேன். உள்ள மட்டும் வராத.”

புஷ்பம் பலகாரத் தூக்கைப் படியில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி இறங்கிப் போனாள். அண்ணாச்சி அவள் தெருமுனை திரும்பும்வரை நிலையை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே அவருக்குத் தொண்டை கரகரத்தது. கடையில் ஒரு தும்மல், பிறகு இன்னொன்று. கபாலி எட்டிப் பார்த்தார். “அட, இதுக்கு ஏன் மூஞ்சி இப்டிப் போவுது? கசாயத்தக் குட்ச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு.” அண்ணாச்சி போகவில்லை. துணி மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்தார். “மாஸ்க் போட்டுக்கிட்டு வந்துடுங்க” என்று சந்திரிகா போனில் சொன்னாள். “சளி முழுசாப் போவட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவேண்டுமே! காலையில் கடை திறக்குமுன் மாஸ்க்கோடு போய் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றார். சந்திரிகா பிள்ளையோடு பால்கனிக்கு வந்தாள். மாஸ்க்கை மீறி மாளவிகாவுக்கு அப்பாவைத் தெரிந்துவிட்டது. கெக்கெக்கென்று சிரித்து, கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, தூக்கு என்று துள்ளியது.

அண்ணாச்சியின் கைகள் தாமாக மேலே எழுந்தன. பாதியில் நிறுத்தினார். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று விடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.