மேலூரில் ஒரு சவப்பெட்டிக் கடை

மேலூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டி நிற்கிறது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருக்கிறார். நானும் இறங்கி, பக்கத்துச் சவப்பெட்டிக் கடையின் கூரை நிழலில் ஒதுங்குகிறேன். காலையில் அப்பாவைப் பறிகொடுத்த அண்ணனும் தங்கையும் உள்ளே பெட்டி பார்க்கிறார்கள். மூடியில் சிலுவை பதித்த வேம்புப் பெட்டி ஒன்றின் உட்புறத்தை, எங்காவது சிராய் குத்துமோ என்று, தங்கை உள்ளங்கையால் தடவுகிறாள்.

பேருந்தில் பத்திரிகையில் படித்தது என் நாக்கில் துறுதுறுக்கிறது. யாரும் கேட்காமலே சொல்கிறேன்.

"வெளிநாட்டுல இப்ப மூங்கில்லயும் கோரையிலயும் பெட்டி முடையுறாங்க. சீக்கிரம் மண்ணோட மண்ணாயிரும். ஒரு மரமும் மிச்சம்."

அண்ணன் அதைப் பிடித்துக்கொள்கிறான். "கேட்டியா? சாரே சொல்றாரு. கோரப்பாயில சுத்துனாப் போதும், எதுக்கு இம்புட்டுச் செலவு?"

தங்கை அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள்.

"எங்க ஆளுக எல்லாரையும் பாயில சுருட்டித்தான் சார் புதைச்சாக. மத்தவுக மாதிரி பெட்டியில வச்சு என்னைய மாதாகோயிலுக்குள்ள தூக்கிட்டுப் போங்கன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே கெடந்தாரு. மொதல்ல உங்க வீட்டுல பாயில சுத்துங்க. நாங்க வந்து பாக்குறோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறான். "இதையே எடுங்கண்ணே" என்கிறான் கடைக்காரரிடம்.

மன்னிப்புக் கேட்க வாய் திறக்கிறேன். அதற்குள் பேருந்தின் ஹாரன் கூப்பிடுகிறது, போய் ஏறுகிறேன். என் இருக்கை கடையைப் பார்த்த ஜன்னலோரம். வெயில் அடிக்கிற எதிர்ப்பக்கத்துக்கு மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.