ஏவல் பிரிவு

ராக்கெட் கிளம்ப எரிபொருள் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அதற்கு முன்னால் பஸ் டிக்கெட், லாட்ஜ் அறை, மூன்று நகலில் பயண உத்தரவு எல்லாம் வேண்டும். தொடக்க கால ராக்கெட்டுகளுக்கு அவற்றை ஏற்பாடு செய்து ஏவுதளத்துக்கு ஆட்களை அனுப்பிய குமாஸ்தா நான். படிவங்களோடு மல்லுக்கட்டி நொந்துபோன உங்களுக்கு என் பாடு புரியும். ஒரு தடவையாவது ராக்கெட் போவதை நேரில் பார்த்துவிட ஆசை. எந்த உத்தரவிலும் என் பெயர் கடைசிவரை வரவில்லை.

மடியில் ஒரு பெட்டி

ஒரு பொறியாளர் ராக்கெட்டுக்கான கருவியை மரப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்துகொண்டு போனார். 'பெட்டி குலுங்கக் கூடாது' என்று நான் கொடுத்த கடிதத்தைக் கண்டக்டர் இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாராம்: "ரோட்டுக்கு யாரு சார் லெட்டர் குடுக்கிறது?"

திரும்பும் நாள்

திரும்பும் நாள் போடாத உத்தரவில் அதிகாரி கையெழுத்திட மாட்டார். குத்துமதிப்பாக ஒரு தேதி போடுவேன். ராக்கெட் தள்ளிப்போகும், திருத்த உத்தரவு அடிப்பேன், மறுபடியும் தள்ளிப்போகும். இந்தக் கூத்தில் ஏவும் நாளன்று நாற்காலியை விட்டு நான் எழுந்ததே இல்லை. ஒருநாள் ஒரு பொறியாளரின் மனைவி நேரே என் மேசைக்கு வந்தார். "நீங்க போட்ட தேதிய நம்பி நாலு நாளா அவருக்கும் சேத்து சமைக்கிறேங்க."

வாடகைப் படிவம்

ஓய்வுபெற்று, என் மனைவியும் காலமானபின் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஓர் அறை பிடித்தேன். 'முன்பு பார்த்த வேலை' என்ற இடத்தில், லாஞ்ச் என்பதைத் தமிழாக்குகிற உற்சாகத்தில், 'ஏவல் பிரிவு' என்று எழுதித் தொலைத்தேன். வீட்டுக்காரம்மா இரண்டடி பின்வாங்கினார். "பில்லி, ஏவல்லாம் நம்ம வூட்ல ஆவாதுங்க."

ராக்கெட் என்று விளக்கியதில் அறை கிடைத்தது, பேச்சுத்துணை கிடைக்கவில்லை. சாவியைக்கூட ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். சில நாள் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். அது வலித்தது.

கொல்லையில் நின்றது

போன மாதம் ஒருநாள், அந்தி நேரத்தில் ராக்கெட் போகும் என்று மத்தியானமே டிவியில் சொன்னார்கள். இங்கிருந்து தெரியுமா என்று பார்க்க மாடிக்கு ஓடினேன். துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இங்கேந்து மல மறைக்கும்ங்க. கீழ்பென்னாத்தூர்ல நம்ம மல்லாட்ட கொல்லைல நின்னா தெரியும், வாங்க" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

கடலைச் செடிகளுக்கு நடுவே நின்றோம். வடகிழக்கில் ஒரு சின்ன வெளிச்சம், சத்தமே இல்லாமல் ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதத்தான் ஏவிக்கினு இருந்தீங்களா?"

வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்கு டிக்கெட் போட்ட எனக்கு, இன்னொருவர் எடுத்துக் கொடுத்த முதல் டிக்கெட் அந்தக் கீழ்பென்னாத்தூர் பஸ் டிக்கெட்தான்.