ஏரி வற்றிய வருடம்

அந்தக் காலையின் நிசப்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. முந்தின நாள்வரை, ஆயிரக்கணக்கான நெடுங்கால் உள்ளான் பறவைகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. விடிந்து கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் சத்தமே இல்லை. பெரிய பறவைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஏரி நடுவே, மணல்திட்டில், குஞ்சுகள் மட்டும் நின்றன.

நான் அப்போது மெல்பேர்னின் கிளேட்டன் பகுதிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அக்கா என்று அழைப்பவர் எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவி. பதினெட்டு வயதில் வன்னிப் போரிலிருந்து தப்பி வந்தவர். பாலைவனத்தில் எப்போதாவது பெருமழை பெய்து உப்பேரி நிரம்பினால், எங்கிருந்தோ இந்தப் பறவைகள் வந்திறங்கி முட்டையிடும். தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சுகள் பறக்கப் பழகிவிட வேண்டும். அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. நாளுக்கு நாள் நீர் விலகிப் போனது. நாளுக்கு நாள், குஞ்சுகளைத் தின்னும் வெண்ணிறக் கடற்காகங்கள் கூடி வந்தன. பார்த்துக் குறித்துக்கொள்வது மட்டுமே நம் வேலை, எதிலும் கை வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தவர் அக்காதான்.

"வாங்க அக்கா, கிளம்பிடலாம். பார்க்க முடியல," என்றேன்.

"நீ வாகனத்துக்குப் போ. நான் வாறன்."

வரவில்லை. உப்புப் பாளம் காலடியில் நொறுங்கத் திட்டை நோக்கி நடந்தார். தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்குப் பின்னால் நின்று, இரு கைகளையும் விரித்து, அந்தப் பக்கமாக மெல்ல ஓட்டினார். நானும் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். மேலே நாலைந்து கடற்காகங்கள் வட்டமிட்டன, ஒன்றுகூட இறங்கவில்லை. எங்களுக்குப் பயப்படுகின்றன என்று நினைத்தேன்.

நீரை நெருங்கியபோது, கரையோர உப்பு என்று நான் எண்ணியிருந்த வெள்ளை அசைந்தது. அத்தனையும் கடற்காகங்கள்.

அக்கா கத்தினார், தொப்பியைக் கழற்றி வீசினார். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மெல்பேர்ன் திரும்பும் வழியில், "திட்டுலயே விட்டிருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும்," என்றேன்.

"ஓம்," என்றார். பிறகு, "சண்டை நேரம் எங்களையும் ஒராள் இப்பிடித்தான் தண்ணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனவர். தம்பி அங்கதான் செத்துப்போனவன். இவ்வளவு வருசமும் அந்த மனுசனைத் திட்டிக்கொண்டு இருந்திட்டன்."

ஆய்வறிக்கையில், குஞ்சுகள் இரையாயின என்று மட்டும் எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டு, அவற்றை அங்கே ஓட்டிச் சென்றது தான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.