மூடி போட்ட கீரை

சீனச் சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடமாகக் கீரை வதக்குகிறவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். வீட்டிலோ, வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம்தான் அவளுக்கு அடுப்பு கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அது கொழுந்தன் மனைவியான சின்னவளின் ராஜ்ஜியம்.

அன்று அந்த ஐந்து நிமிடத்துக்குள் தண்டோடு கீரையைக் கொதிநீரில் முக்கியெடுத்தாள். புகையும் எண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டு, கீரையைப் புரட்டி, சோயா சாஸ் ஊற்றி இறக்கினாள். தண்டுகள் பச்சைப்பசேலென்று மினுங்கின.

"இது வெந்துச்சா? மாட்டுக்கா வச்சிருக்க?" என்றாள் சின்னவள்.

"வாயில போட்டுப் பாரு. அப்புறம் பேசு."

பெரியவள் சேலை மாற்றப் போன நேரத்தில், சின்னவள் கீரையை மறுபடி அடுப்பிலேற்றி மூடி போட்டுவிட்டாள். பெரியவள் வந்து பார்த்தபோது அது சேற்று நிறத்தில் குழைந்து கிடந்தது. அவ்வளவையும் அள்ளி, சாப்பிட உட்கார்ந்திருந்த சின்னவளின் தட்டில் கவிழ்த்தாள்.

"இப்ப நல்லா வெந்திருக்கு. மிச்சம் வைக்காம தின்னு."

சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாளே பெரியவள் ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கித் தன் அறையில் வைத்தாள். கணவன் சமாதானம் பேச வாயெடுத்தான்.

"உங்களுக்கு எந்த அடுப்புச் சோறு வேணும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தான்.